மண் டிராக்கில் கோளாறா? முதலில் சீனரியைப் பாருங்கள்

பலகையில் வெட்டிய காடியில் மின்சாரத்தில் ஓடும் பொம்மைப் பந்தயக் காரான ஸ்லாட் காருக்கு மண் டிராக் போட்டு, ஓரமெல்லாம் வேலி, தென்னை, பாறை என்று சீனரியும் முடித்த பிறகு வண்டி மக்கர் செய்தால், எல்லோரும் முதலில் மோட்டாரைக் கழற்றுவார்கள், அப்புறம் கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள், கடைசியில்தான் மண்ணைப் பார்ப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். சீனரியில் இருக்கும் குறை சீனரியில் தெரியாது, அது பார்க்க அழகாகத்தான் இருக்கும், வண்டிதான் காட்டிக்கொடுக்கும்.

நான் சொல்வதெல்லாம் 1/32 அளவு வண்டிக்கு. பலகையில் காடி எடுத்து, காடியின் இரண்டு பக்கமும் காப்பர் டேப் ஒட்டி, 12 வோல்ட்டில் ஓட்டும் டிராக். பிளாஸ்டிக் டிராக் வாங்கி அதன் மேல் மண் பூசுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஊர் செங்கோட்டைப் பக்கம். ஆனி, ஆடி வந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் ஒன்றாக இறங்கும், குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், எங்களுக்கு வீட்டுக்குள் கொடி கட்டியும் துணி காயாத மாதங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பாதி அந்த ஈரத்தால் வருபவைதான். கோவில்பட்டியிலோ விருதுநகரிலோ டிராக் போட்டவர்கள் அந்தப் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த இரண்டு வண்டிகளை எடுத்து, எல்லா லேனிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டினால் ஓட்டத்தின் உந்துதலிலேயே கெட்ட இடத்தைத் தாண்டிவிடும், தெரியாது. ஒரே வண்டி எல்லா இடத்திலும் திக்கினால் அந்த வண்டியில் கோளாறு. எல்லா வண்டியும் ஒரே இடத்தில் திக்கினால் அந்த இடத்தில் கோளாறு. எல்லா வண்டியும் எல்லா இடத்திலும், அதுவும் மழை நாளில் மட்டும் திக்கினால், காற்றில் இருக்கிறது கோளாறு.

எல்லா வண்டியும் ஒரே இடத்தில் திக்கி நிற்கிறது

பக்கத்தில் சமீபத்தில் மண் ஒட்டினீர்களா, புல் நட்டீர்களா என்று யோசியுங்கள். ஒட்டியிருந்தால் டேப்பின் மேல் ஃபெவிகால் தண்ணீர் தெறித்துக் காய்ந்திருக்கும். காய்ந்த ஃபெவிகால் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிடுவதால் நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. டார்ச்சை டேப்பின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்வாக அடித்துப் பாருங்கள். செம்பு பளபளக்கும் இடத்தில் மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால் அதுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடமும் இது. மீட்டரின் முனை ஊசி, லேசாக அழுத்தினாலே பசைப் படலத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போய் 'இணைப்பு சரி' என்று காட்டிவிடும். வண்டியின் அடியில் இருப்பது ஊசி இல்லை, மெல்லிய கம்பிகளைப் பின்னிய பிரெய்டு. அது படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும். ஆகவே பழைய பிரெய்டில் ஒரு துண்டை வெட்டி மீட்டர் முனையில் சுற்றி, அதை டேப் மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வண்டி என்ன உணர்கிறதோ அதையே மீட்டரும் உணரும்.

படலத்தை எடுக்க பிளேடு வேண்டாம், டேப் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் டேப் மேல் போட்டு வைத்தால் ஃபெவிகால் மறுபடி வெளுத்து இளகும், ஐஸ் குச்சியால் சுரண்டினால் சுருண்டு வந்துவிடும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. செம்பு கறுத்திருந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்க்கலாம். இரும்பு நார் மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் முடி போன்ற இழைகள் நேராக மோட்டார் காந்தத்துக்குப் போகும், போகாமல் டிராக்கில் கிடந்தால் இரண்டு டேப்புக்கும் நடுவே ஷார்ட் ஆவதற்கும் வாய்ப்பு உண்டு.

பசையும் இல்லை, தூசியும் இல்லை என்றால் டேப் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். கடத்தும் பசை உள்ள டேப் என்று விற்பதை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் கொஞ்ச காலம் வேலை செய்யும், பலகை ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்க ஆரம்பித்தால் விட்டுப்போகும். ஒட்டுப் போட்ட எல்லா இடத்திலும் ஒரு பொட்டு சால்டர் வைத்து, உப்புத்தாளால் மட்டமாக்கி விடுங்கள். சீனரி போட்ட பிறகு கையும் சால்டரிங் அயர்னும் நுழையாத இடங்களில்தான் இது விட்டுப்போகும், அதனால் சீனரிக்கு முன்பே முடிப்பது நல்லது.

மோட்டார் சூடாகிறது, பல்சக்கரத்தில் கரகரவென்று சத்தம்

இதில்தான் மண் டிராக்காரர்கள் நிறைய மோட்டாரை இழக்கிறார்கள். வண்டியைத் திருப்பிப் போட்டு, மோட்டார் கூட்டில் இருக்கும் ஓட்டை ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக மீசை முளைத்திருந்தால் நீங்கள் போட்ட மண்ணில் காந்தம் இழுக்கும் துகள் இருக்கிறது.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு இது சகஜம். செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைக் காந்தம் அவ்வளவாக இழுக்காது, ஆனால் கூடவே வரும் மேக்னடைட் துகளைக் கப்பென்று இழுக்கும். ஆற்று மணலில் வரிவரியாக ஓடும் கறுப்பும் இந்த வகைதான். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலின் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் இல்மனைட், கார்னெட் மாதிரியான கனமான கனிமங்கள் கலந்திருக்கும். கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் பொருள், அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் போனால் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சி, கொல்லம் சவறா கடற்கரைக் கறுப்பு மணலைத் தொடவே வேண்டாம். அதில் தோரியம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் சாமான் இல்லை அது.

மண்ணைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது: நன்றாகக் காய்ந்த மண்ணைச் செய்தித்தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தையோ நியோடிமியம் காந்தத்தையோ பாலிதீன் கவருக்குள் போட்டு, மண்ணுக்குள் உழுவது மாதிரி இழுங்கள். கவரில் கறுப்பு ஒட்டும். தள்ளிக் கொண்டுபோய்க் கவரைத் திருப்பிக் காந்தத்தை உருவினால் கறுப்பு கீழே விழுந்துவிடும். கவர் வெறுமையாக வரும் வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கவர் இல்லாமல் செய்தால் காந்தத்தைச் சுத்தம் செய்வதிலேயே ஒரு பொழுது போய்விடும்.

ஏற்கெனவே ஒட்டிவிட்ட மண் என்றால், அதே கவர் போட்ட காந்தத்தை டிராக் மேல் உரசாமல் ஓட்டி, தளர்ந்திருப்பதை எடுத்துவிட்டு, மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற துகளால் தொல்லை இல்லை, உதிர்கிற துகளால்தான் தொல்லை. மண் டிராக் என்று பெயர் இருந்தாலும் ஓடும் பரப்பில் உதிரி மண் ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. 'கொஞ்சம் புழுதி பறந்தால் நிஜமாக இருக்குமே' என்று கேட்கிறவர்கள் வீடியோவுக்காக ஒரு தடவை டால்கம் பவுடர் தூவிப் பறக்கவிட்டு, உடனே வாக்குவம் வைத்து எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்த ஆசையை வளர்க்காதீர்கள்.

கறுப்பு மீசை இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறதா? பின் அச்சைப் பாருங்கள். தேங்காய் நாரில் புதர் செய்திருந்தால், செயற்கைப் புல் தூவியிருந்தால், ஒரு இழை அச்சில் சுற்றிப் பல்சக்கரத்துக்குள் போயிருக்கும். ஊக்கால் கொக்கியிட்டு எடுங்கள். நார் வைத்த இடத்தையெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் பலமாக ஒரு தடவை வாரிவிட்டு, வந்ததை வர விட்டு, மிச்சத்தை ஹேர் ஸ்ப்ரே அடித்து நிறுத்துங்கள்.

சாரல் நாட்களில் மட்டும் கைடு காடியில் இறுகுகிறது

கைடு என்பது வண்டியின் அடியிலிருந்து காடிக்குள் இறங்கும் நாக்கு. அது இறுகினால், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை தண்ணீர் குடித்திருக்கிறது. மேல்பக்கம் பெயின்ட் அடித்திருப்பீர்கள், அடிப்பக்கத்தையும் காடியின் உள்சுவரையும் விட்டிருப்பீர்கள். காடி வெட்டிய முகம்தான் எம்.டி.எஃப்.பில் அதிகமாக உறிஞ்சும் இடம். போதாததற்கு அதன் ஓரத்திலேயே ஃபெவிகால் தண்ணீரை ஊற்றி மண் ஒட்டுகிறோம். 3 மில்லிமீட்டர் அகலக் காடியில் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை உப்பினாலே கைடு பிடித்துக்கொள்ளும்.

ஈரத்தோடு உப்புத்தாள் போடாதீர்கள், பஞ்சாகக் கிளம்பும். மழை விட்டு நன்றாகக் காயட்டும். பிறகு தகட்டில் சுற்றிய 220 நம்பர் தாளைக் காடிக்குள் இழுத்து, தூசியை ஊதிவிட்டு, தச்சர்கள் அடிக்கும் சாண்டிங் சீலரை மெல்லிய பிரஷ்ஷால் காடிச் சுவரில் இரண்டு கோட். அடிப்பக்கத்துக்கும் பெயின்ட். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பலகை வளையும், பிறகு டேப் ஒட்டு விடும், பழைய கதை திரும்பவும் ஆரம்பமாகும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: எங்கள் ஊர் ஈரத்துக்கு எம்.டி.எஃப். வேண்டாம், நல்ல பிளைவுட் வாங்குங்கள். காடி வெட்டும்போது சிலும்பு எழும்பத்தான் செய்யும், அந்தத் தொல்லை ஒருநாளோடு போகும்.

மண் மேல் வெள்ளை பூத்திருக்கிறது

இந்தப் புகாரில் அவசரப்பட்டு எதையும் தடவக் கூடாது. வெள்ளை ஐந்து வகை, ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும்.

பஞ்சு பஞ்சாக, லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழை இழையாக நின்று, முகர்ந்தால் அடைத்துக் கிடந்த அறையின் வாடை வந்தால் பூஞ்சை. தேயிலைத் தூள், மரத்தூள், தென்னை நார்த்தூள், மைதாப் பசை இருக்கும் இடத்தில்தான் முதலில் வரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், விதை பறந்து டிராக் முழுக்கப் பரவும். ஆல்கஹாலைத் தெளித்து நனைத்து, பிறகு துடைத்து எடுங்கள். எந்தப் பொருளிலிருந்து வந்ததோ அதைப் பெயர்த்துவிட்டு, வேறு போடுங்கள். வினிகர் தடவச் சொல்வார்கள், பூஞ்சைக்கு அது கேட்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் செம்பு டேப் பச்சை பூத்துவிடும்.

பொடி பொடியாக, மண்ணின் மேடான இடங்களில் மட்டும் படிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. கடல் மணலோ உவர் நிலத்து மண்ணோ கலந்திருக்கிறது, அல்லது பசையைக் கலந்த தண்ணீர் உப்புத் தண்ணீர். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு. இரண்டுக்குமே ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் வழி, வார்னிஷை மேலே அடித்து மூடினால் வார்னிஷையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அடுத்த தடவை மண்ணைப் பக்கெட்டில் போட்டு நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு பயன்படுத்துங்கள்.

நகத்தால் கீறினால் ரப்பராக இழுபடும் பால்வெள்ளை என்றால் ஃபெவிகால் ஈரம் குடித்து மறுபடி வெளுத்திருக்கிறது. நோயே இல்லை இது. ஃபேன் போட்டு, பல்ப் ஒன்றை மேலே தொங்கவிட்டால் தானாகத் தெளியும். அடிக்கடி வந்தால் சாதாரண ஃபெவிகாலுக்குப் பதில் தண்ணீர் தாங்கும் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பனி மூட்டமாக ஒரு பரப்பு முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால், மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொண்டது. வெயில் அடிக்கும் நாளில் இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

பூஞ்சை வராமல் இருக்க மண்ணை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துக்கொள்வது நல்ல பழக்கம். முற்றத்தில் வைத்து வறுங்கள், நாற்றம் அடுக்களைக்குள் வந்தால் டிராக்கே வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். பசையில் வெண்காரம் கலந்தால் பூஞ்சை பிடிக்காது என்று ஒரு யோசனை சுற்றுகிறது. ஃபெவிகாலில் வெண்காரம் போட்டால் அது கட்டிதட்டிக் கொழகொழவென்று திரண்டுவிடும், பிள்ளைகள் ஸ்லைம் செய்வதே இப்படித்தான். பைண்டிங்காரர்கள் பசையில் போடும் மயில்துத்தமும் வேண்டாம். விஷம், இரும்பு அச்சுகளையும் அரிக்கும்.

மண் வெடிக்கிறது, ஏடு ஏடாகக் கிளம்புகிறது

களி அதிகம். கரிசல் மண் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்குவது அதன் குணம். ஓரம் அப்பளம் போல வளைந்து எழும்பியிருந்தால் அடியில் பிடிப்பே இல்லை என்று அர்த்தம், மேலே பசை ஊற்றுவதில் பிரயோசனம் இல்லை. பெயர்த்து எடுத்துவிட்டு, பலகையைச் சொரசொரப்பாக்கி, நீர்க்காத ஃபெவிகாலை ஒரு கோட் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மண்ணைச் சல்லடையால் தூவுங்கள். மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கழுவிய மணல் தூள் சேர்த்தால் சுருங்குவது குறையும். தடிமன் வேண்டும் என்றால் மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. ஒரே வீச்சில் அரை அங்குலம் மொத்தினால் வெடிக்கத்தான் செய்யும்.

வண்டி ஓடும் பரப்புக்கு இந்த முறையே வேண்டாம். வெளிச்சுவர் எமல்ஷன் பெயின்டில் மிக மெல்லிய மண்ணைக் கலந்து, ஃபோம் ரோலரால் உருட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பார்க்க மண், தொட்டால் சுவர். டயருக்குப் பிடிமானமும் ஒரே சீராகக் கிடைக்கும்.

பசை ஊறாமல் முத்து முத்தாக உருளுகிறது

காய்ந்த தூளின் மேல் தண்ணீர் பரவாது, அவ்வளவுதான் விஷயம். தண்ணீரில் கொஞ்சம் ஆல்கஹால் கலந்து முதலில் பனியாகத் தெளித்து நனையுங்கள். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. சிரிஞ்சில் எடுத்து ஓரத்திலிருந்து விடுங்கள், அது தானாக உள்ளே நடந்து போகும். மேலிருந்து ஊற்றினால் குழி விழும்.

ஒட்டிய பிறகு மண் கறுத்துப் பளபளக்கிறது

நனைந்த மண் கறுப்பாகத் தெரிவது மாதிரி, பசை குடித்த மண்ணும் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். காய்ந்தாலும் முழுசாகத் திரும்பாது. ஆகையால் வேண்டிய நிறத்தை விட ஒரு படி வெளிறிய மண்ணை எடுங்கள். புளியரை தாண்டி மலை இறங்கினால் வெட்டுக்கல் சுவர் கட்டும் இடங்களில் அறுத்த தூள் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நம் செம்மண்ணோடு அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் நல்ல நிறம் வரும் (காந்தச் சோதனை அதற்கும் உண்டு). பளபளப்புக்கு மேட் வார்னிஷ். அது கையில் இல்லையென்றால் பசை பாதி காயும்போது அதே மண்ணை வஸ்திரகாயம் செய்து, அதாவது பழைய வேட்டித் துணியில் சலித்த தூளாக்கி, மேலே தூவி, காய்ந்ததும் மிச்சத்தை வாக்குவத்தால் எடுத்துவிடுங்கள்.

நிறம் முழுக்க ஒரே மாதிரி இருந்தாலும் அது மண்ணாகத் தெரியாது. நிஜ மண் ஓவல்களை (நீள்வட்டப் பந்தயப் பாதைகளை) பாருங்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் 1954-இல் தொடங்கிய எல்டோரா மாதிரியான இடங்களில் ஓடுபாதை களிமண், பந்தயத்துக்கு முன் தண்ணீர் விட்டு உருட்டுவார்கள். வண்டிகள் ஓட ஓட, எல்லோரும் பிடிக்கும் பாதை இறுகிக் கறுத்து மினுங்கும், உதிரி மண்ணெல்லாம் வெளி ஓரத்துக்கு எறியப்பட்டு ஒரு வரப்பாக நிற்கும். அதை நம் டிராக்கில் கொண்டுவர, காடியை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு அடர்ந்த நிறம், வளைவில் அது வெளிப்பக்கம் கொஞ்சம் விரியட்டும், ஓரத்தில் வெளிறிய மண் வரப்பு. வரப்பு மட்டும் கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும்.

தெர்மோகோல் மலை உருகிப் போனது

ஸ்ப்ரே பெயின்டும், ரப்பர் சொல்யூஷன் வகைப் பசைகளும் தெர்மோகோலைத் தின்னும். ஓட்டையானதை பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து அடையுங்கள். அடுத்த மலைக்கு, ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரையோ பிஓபி துணியையோ முழுக்கப் போர்த்திய பிறகே பெயின்ட்.

டேப்பின் ஓரத்தில் பச்சை படிகிறது

உப்பு மண், வினிகர் இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது காரணம் எங்கள் எல்லைக்கே உரியது, ரப்பர் பால். தென்மலை, புனலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் பால் சுலபமாகக் கிடைத்துவிடும். பாறையின் மேல் மெல்லிய கோட்டாகத் தடவி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, நடுவில் ஒரு அடுக்கு கட்டுத்துணி வைத்து உரித்தால் பாறைக்கு அருமையான அச்சு. அதில் பிஓபி ஊற்றினால் ரோட்டோரப் பாறையே கிடைக்கும். கடையில் இதற்கென்று விற்கும் எதையும் விட இது மேல் என்பது என் கட்சி.

ஆனால் பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா சேர்த்திருப்பார்கள், அமோனியாவுக்கும் செம்புக்கும் ஆகாது, நீலப்பச்சையாக அரிக்கும். பாதிப்பு இரண்டு பக்கமும் உண்டு. செம்பு பட்ட ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்து இற்றுப்போகும். அச்சு பிசுபிசுவென்று ஆகிவிட்டது என்று புகார் சொல்கிறவர்கள் அதைச் செம்புக் கம்பிச் சுருளோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பால் வேலையை டிராக் இருக்கும் அறையிலேயே செய்யாதீர்கள், அதைப் பசையாகவும் பயன்படுத்தாதீர்கள். அச்சுக்கு மரக் கரண்டி, பிளாஸ்டிக் டப்பா. டேப்பில் பச்சை வந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, பச்சை நாரால் தேய்த்து, ஆல்கஹாலில் முடித்துவிடுங்கள்.

வளைவில் வண்டியின் வால் வேலியை இடிக்கிறது

செம்பைக் காந்தம் இழுக்காது. கடை வண்டியின் அடியில் இருக்கும் காந்தம் காப்பர் டேப் டிராக்கில் சும்மா சுமைதான், கழற்றிவிட்டு, தூண்டிலுக்குப் போடும் ஈயத்தைத் தட்டையாக்கி ஒட்டிக்கொள்வோம். அதனால் வளைவில் வால் நன்றாக வெளியே போகும், மண் டிராக்கின் அழகே அதுதான். இதை யோசிக்காமல் நேர்ப்பாதைக்கு விட்ட அதே இடைவெளியில் வளைவிலும் வேலி போட்டால் இடிக்காமல் என்ன செய்யும்.

இருப்பதிலேயே நீளமான வண்டியின் பின் பம்பரில் பென்சில் துண்டு ஒன்றைச் செங்குத்தாக டேப் போட்டு ஒட்டுங்கள். கைடை மையமாக வைத்து, வண்டியை முழுக்க வெளியே தள்ளிய கோணத்தில் வளைவு முழுவதும் கையால் தள்ளிக்கொண்டு போனால் ஒரு கோடு விழும். கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் விட்டுப் பிறகுதான் வேலி, மரம், ஆள். ஏற்கெனவே நட்டாகிவிட்டதா? வேலிக் காலைப் பிடுங்கி, அதன் அடியைச் சைக்கிள் வால்வ் ட்யூபில் செருகி நடுங்கள். இடித்தால் சாய்ந்து நிமிரும்.

எல்லாம் சரி, ஆனால் பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது

முதலில் மணல் பருக்கை. 1 மில்லிமீட்டர் பருக்கை 1/32-இல் 32 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குல ஜல்லி. ஆற்று மணலை அப்படியே கொட்டினால் ஓடுபாதை முழுக்க ஜல்லி கொட்டிக் கிடப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். மாவுச் சல்லடை போதாது, துணியில் சலியுங்கள்.

அடுத்தது உயரம். ஐந்தரை அடி ஆள் 52 மில்லிமீட்டர் வர வேண்டும். 15 மீட்டர் தென்னை 47 சென்டிமீட்டர். அவ்வளவு உயரம் வைத்தால் கை நுழைந்து வண்டியைத் தூக்க முடியாது, ஆகவே ஓட்டுகிறவர் நிற்கும் பக்கம் குட்டை மரங்களும், எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு முழு உயர மரங்களும் போதும். சுரண்டை, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைப் பின்னால் வைக்க ஆசைப்பட்டால் சரியான அளவில் அது ஆளை விட உயரம், 80 மீட்டர் தூணுக்கு இரண்டரை மீட்டர் வரும். தூரத்தில் இருப்பதாகக் காட்ட ஒரு சாண் உயரத்தில் செய்து, வெளிறிய சாம்பல் நீலம் அடித்து வைத்துவிடுங்கள். அரை மைல் ஓவலையே முழு அளவில் செய்தால் ஒரு சுற்று 25 மீட்டர், அதற்குக் கல்யாண மண்டபம்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் சுருக்கத்தான் செய்கிறோம், எதைச் சுருக்கினோம் என்பது தெரியாமல் சுருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் காற்றும் புழுதியும். எல்லாத் தென்னை மட்டையும் குடை விரித்த மாதிரிச் சுற்றிலும் சமமாக இருந்தால் அது பிளாஸ்டிக்தான். எங்கள் ஊரில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் மட்டைகளெல்லாம் கிழக்கே வாரி விட்ட மாதிரி நிற்கும். பேப்பரில் மெல்லிய கம்பியை நடுநரம்பாக ஒட்டி, ஓரங்களைச் சாய்வாக நெருக்கி வெட்டி, கீழ்நோக்கி மடித்து விட்டால் ஒரு மட்டை. மரத்தில் செருகிய பிறகு விரல்களால் ஒரே பக்கமாக வாருங்கள். கீழ் வரிசையில் இரண்டு மட்டை பழுப்பாகத் தொங்கட்டும். கடைசியாக, டிராக்கைப் பார்த்த பக்கத்து இலைகளில் மட்டும், முழங்கால் உயரம் வரைக்கும், ஓடுபாதை மண்ணின் நிறத்திலேயே உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தட்டுங்கள். வேலி, டயர் அடுக்கு, போர்டு எல்லாவற்றுக்கும் அதே நிறம். தனித்தனியாகச் செய்து வைத்த சாமான்கள் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிய ஆரம்பிப்பது இந்தப் புழுதியால்தான், இதற்கு ஒதுக்கும் ஒரு மணி நேரம் பத்து மரம் கூடுதலாகச் செய்வதை விடப் பலன் தரும்.

ரெசின் குட்டை கலங்கியது, பிசுபிசுக்கிறது

சாரல் நாளில் ஊற்றியிருக்கிறீர்கள். எப்பாக்சியின் ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போகும். உள்ளேயே பால்போல் கலங்கியிருந்தால் சேற்றுக் குட்டை என்று சொல்லிப் பழுப்புப் பெயின்ட் அடித்துவிடலாம், மண் டிராக்கில் யாரும் கேட்க மாட்டார்கள்.

எறும்பு வருகிறது

தேயிலைத் தூளைச் சர்க்கரை போட்ட டீயிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். டீக்கடையில் வாங்கிய சக்கையாக இருந்தாலும் மூன்று நான்கு தண்ணீரில் அலசி, வெயிலில் முறுகக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். மைதாப் பசையில் செய்த மலை இருந்தால் கரப்பானும் சேர்ந்து வரும், அதன் அடிப்பக்கத்தில் வார்னிஷ் அடித்து மூடுங்கள். எறும்பு மருந்துப் பொடியை டிராக் மேல் தூவ வேண்டாம், அதுவும் தூள்தான், அதுவும் மோட்டாருக்குத்தான் போகும். மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் போதும். கரையான் மண் கோடு மேசைக்காலில் தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டிராக்கைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு, பலகையின் அடிப்பக்கம் முழுவதையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பலகையை வெட்டி மாற்றத்தான் வேண்டும்.